பாலும் கொலையும்: ஓர் உரையை எடைபோடுதல்

குழந்தைக்குப் பாலூட்டுவது பற்றிச் சிங்கப்பூரில் சொல்லப்பட்டவற்றுள் உலகம் இன்னும் நினைவில் வைத்திருப்பது ஒரு பேச்சை. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ஆற்றிய உரை அது; தலைப்பு ‘பாலும் கொலையும்’. தாய்ப்பாலுக்காக வாதிடுவோர் அதை வேதம் போலப் போற்றுகிறார்கள். போற்றுவது வேறு, மதிப்பிடுவது வேறு. பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரைக்கு அந்த உரை இன்றும் அளவுகோலாக நிற்குமா? அறிவுரை சரியானதா என்பதோடு, அது சுமையை யார் தலையில் ஏற்றுகிறது என்றும் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

வில்லியம்ஸின் பலம் அவரது முறை. 1893இல் ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்தவர். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் பணியாற்றியபோது, அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு மக்காச்சோளக் கூழில் வளரும் குழந்தைகளுக்கு உடல் வீங்கும் நோயொன்று வருவதைக் கண்டார். அந்த ஊர்மக்கள் வைத்திருந்த ‘குவாஷியோர்கர்’ என்ற பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்குக் கொடுத்தார். குழந்தையின் வாய்க்குள் என்ன போகிறது, ஏன் போகிறது என்ற இரண்டு கேள்விகளையும் அவர் பிரித்ததே இல்லை. 1936இல் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரின் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தபோதும் அதையே கேட்டார். இங்கே கிடைத்த விடை, இனிப்பூட்டிய கெட்டிப்பால்.

காப்பிக்கடையில் தே கலக்க ஊற்றுகிற அதே டின்பால்தான். எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. நீர் விட்டு இளக்கிக் கொடுத்தால் கன்னம் உப்பும். புரதமும் வைட்டமினும் போதாது. கொழுப்பு நீக்கிய வகையில் வைட்டமின் ஏ போய்விடுவதால், அதையே நம்பி வளரும் குழந்தையின் கண்பார்வைக்கே ஆபத்து. அந்த வகை டப்பாவில் ‘குழந்தைகளுக்கு உகந்ததல்ல’ என்று அச்சிட வேண்டும் என அக்காலப் பிரிட்டனில் சட்டம் இருந்தது. இங்கேயோ, விற்பவர்கள் தாதி உடை அணிந்த பெண்களைப் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அனுப்பி டின்பாலைப் பரிந்துரைக்க வைத்தார்கள். வில்லியம்ஸ் குறிவைத்தது அந்த உடையை. நோயின் காரணத்தைக் குழந்தையின் வயிற்றோடு நிறுத்தாமல் வியாபாரம் வரை தேடிப் போனதும், அதை வியாபாரிகள் நிறைந்த அவையிலேயே சொன்னதும் உரையின் தலையாய சாதனை.

குறை, அது பொறுப்பை வரையறுக்கும் இடத்தில் இருக்கிறது. அறியாமையாலோ அலட்சியத்தாலோ பொருந்தாத பாலைக் குழந்தைக்குக் கொடுக்கச் செய்பவர் அந்தச் சாவுக்குப் பொறுப்பாளி ஆகலாம் என்பது அவர் வாதம். அலட்சியம் விற்பவரைச் சுட்டும். அறியாமையோ, வாங்கிவந்த தாயையும் புட்டியைப் பிடித்த பாட்டியையும் சேர்த்தே சுட்டும். விற்பவர்மேல் குற்றம் சாட்ட எழுந்த வாதம், ஏமாற்றப்பட்டவரையும் கூண்டில் ஏற்றிவிடுகிறது. ரோட்டரி அன்று ஆண்களின் சங்கம், அவர் தாய்மார்களை நோக்கிப் பேசவில்லை என்று பதில் சொல்லலாம், நியாயமான பதில்தான். ஆனாலும் பிற்கால அறிவுரைகள் பல, விற்பவரை விட்டுவிட்டுத் தாயை மட்டுமே கேள்வி கேட்கப் பழகிவிட்டன. மூன்றாம் நாள் இரவில், காம்பு புண்ணாகி, பால் போதவில்லையோ என்று அழுகிற பெண்ணுக்கு அந்தக் கேள்வி எதையும் தருவதில்லை.

உரையின் கருத்துக்குப் பிறகு ஒரு சான்று வாய்த்தது, அவரே விரும்பாத இடத்தில். ஜப்பானியர் ஆட்சியில் வில்லியம்ஸ் சாங்கியில் சிறைவைக்கப்பட்டார். முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. 20 பேரும் தாய்ப்பால் குடித்தார்கள், 20 பேரும் பிழைத்தார்கள். அரைப்பட்டினி கிடக்கும் தாய்க்கும் பால் சுரக்கும் என்பதற்கு இதைவிட அழுத்தமான சான்று அரிது. ஆனால் எண்ணிக்கை சிறிது, ஒப்பிட வேறு குழு இல்லை, காலையில் வேலைக்கு ஓட வேண்டிய தாயும் அங்கே இல்லை. தாய்ப்பால் முடியும் என்பதை அது நிறுவுகிறது. எல்லாருக்கும் எளிது என்பதை நிறுவவில்லை.

காலச் சோதனையில் உரை தேறுகிறது. குழந்தை உணவு விற்பனைக்கென 1979இல் சிங்கப்பூரில் நெறிமுறைக் குழு அமைந்தது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக விதித்தொகுப்பு வந்தது. அதற்குப் பிறகும் 2017இல் போட்டித்தன்மை ஆணையத்தின் அறிக்கை காட்டிய படம் பழக்கமானதுதான். 900 கிராம் பால்மாவு டின்னின் சராசரி விலை பத்தாண்டுகளில் 120 விழுக்காடு ஏறி 56 வெள்ளி ஆகியிருந்தது. கம்பெனிகள் தனியார் மருத்துவமனைகளுக்கு ஆதரவுத்தொகை தந்தன. குழந்தை அங்கே முதலில் குடித்த பிராண்டையே பெற்றோர் தொடர்ந்து வாங்கும் போக்கு இருந்தது. வெள்ளை உடையின் நம்பகத்தை வாங்கி விற்கும் உத்தி அப்படியே இருந்தது.

முஸ்தபா கடையில் டின் அடுக்குகளுக்கு முன் திகைத்து நிற்கும் அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் விற்கப்படும் முதல்நிலைப் பால்மாவு எல்லாமே ஒரே சட்டத்தின் சத்து அளவை எட்டியாக வேண்டும். விலை கூடினால் பிள்ளையின் அறிவு கூடாது. கரண்டியில் மாவைத் தட்டையாக வழித்து அளப்பதும், 70 டிகிரிக்குக் கீழே இறங்காத நீரில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுப்பதும்தான் முக்கியம். டின் நீடிக்கட்டும் என்று நீரைக் கூட்டுவது 1939இன் பட்டினியைத் திரும்பக் கொண்டுவரும்.

பாட்டியின் அறிவுரையையும் இதே தராசில் வைப்பதே நியாயம். தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள கேகே மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் 1966இல் மட்டும் ஏறத்தாழ 40 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. அன்று அது உலகச் சாதனை. அங்கிருந்து வீடு திரும்பும் தமிழ்த் தாய்க்குப் பத்தியம் காத்திருக்கும். அதன் பெரிய நிறை, பிள்ளை பெற்றவளை அடுப்படிக்கு அனுப்பாமல் உட்காரவைத்துச் சோறு போடுவது. பூண்டுக் குழம்போ சுறாப் புட்டோ, சமைப்பது வேறொருவர். துண்டுப் பிரசுரங்கள் தவறவிடும் உண்மை இது: பாலூட்டும் தாயை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் சிறியவை அல்ல. பிறந்த குழந்தையின் நாவில் சேனையாகத் தொட்டு வைக்கும் தேனில் பாட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கலாம். ஒரு வயது வரை தேனே கூடாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் குழந்தையின் முதல் நோயெதிர்ப்பு வீணாகிறது. ஆறு மாதத்துக்கு முன் கொடுக்கும் தண்ணீரும் கிரைப் வாட்டரும் உரைமருந்தும் பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தாயைத் தண்ணீர் குறைத்துக் குடிக்கச் சொல்வதற்கு ஆதாரமே இல்லை. பாச்சை உருண்டை போட்டுப் பத்திரப்படுத்திய அண்ணன் சட்டையை எடுத்துப் போடுவது இன்னும் ஆபத்து. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த நெடியே சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையை முற்றவைக்கும். 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. அதன் முடிவைப் பாட்டியும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பின் கேழ்வரகுக் கூழ் நல்ல தொடக்கம்தான். ஆனால் கூழோடு நிற்காமல் பருப்பு, முட்டை, மீன் என இரும்புச்சத்து வர வேண்டும்.

தீர்ப்பு இது. குற்றச்சாட்டாக ‘பாலும் கொலையும்’ முதல்தரமானது. விற்பனையைச் சுட்டிய அதன் விரல் இன்றும் சரியான திசையில் நிற்கிறது. பெற்றோருக்கான வழிகாட்டியாக அது பாதிதான். பால் போதுமா என்று அஞ்சும் தாய்க்கு வேண்டியவை அடையாளங்கள்: பிறந்த முதல் நாட்களில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது, ஐந்தாம் நாளுக்குப் பின் தினமும் குறைந்தது ஆறு டயாப்பர் நனைவது, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்புவது. இவை தவறினால் குற்ற உணர்ச்சி வேண்டாம், மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு பாதி, நேரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றால் 26 வாரம். மகப்பேற்று விடுப்பு 16 வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் சிங்கப்பூர்க் குடியுரிமைக் குழந்தைகளுக்காகப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம். கூட்டினால் கணக்கு சரியாகிறது. ஆனால் அந்தப் பத்தும் தானாகவே ஆளுக்கு ஐந்தாகப் பிரியும். குழந்தை பிறந்து நான்கு வாரத்துக்குள் அதை மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதம் ஊட்ட எண்ணும் வீட்டில் கணவனும் மனைவியும் அந்த நான்கு வாரத்துக்குள் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.