கவலையீனமும் காரணமும்: கருக்காலப் பரிசோதனை வழக்குகள் பற்றிய ஓர் ஆய்வு

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை யாவரும் அறிவர். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. காரணத்தை அளவை நூலார் அன்னுவயம், வெதிரேகம் என்னும் இருவகையால் ஆராய்வர். புகை உள்வழித் தீ உண்டு என்பது அன்னுவயம். தீ இல்வழிப் புகை இல்லை என்பது வெதிரேகம். மருத்துவக் கவலையீன வழக்குகளில் நீதிமன்றம் வேண்டி நிற்பதும் வெதிரேகமே. மருத்துவர் தவறாதிருப்பின் இத்தீங்கு நேர்ந்திராது என்பதனை வழக்காளியே நிறுவுதல் வேண்டும்.

இலங்கையில் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு, 2001ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பேராசிரியர் பிரியாணி சொய்சா வழக்காகும். குழந்தை ஒன்றின் மூளைத்தண்டில் இருந்த கட்டி உரிய வேளையில் அறியப்படவில்லை என்பது வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா இழப்பீடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 250,000 ரூபாவாகக் குறைத்தது. உயர் நீதிமன்றமோ, மரணத்துக்குக் கவலையீனம் காரணமாயிற்று என்பது நிகழ்தகவுச் சமநிலையில் நிறுவப்படவில்லை எனக் கண்டு, வழக்கைத் தள்ளிற்று.

கருக்காலப் பரிசோதனையில் இச்சிக்கல் மேலும் இறுகுகின்றது. இங்கிலாந்தின் மக்கே வழக்கில் (1982), கருவுற்ற தாயின் குருதிப் பரிசோதனையில் ஜேர்மன் சின்னமுத்து அறியப்படாது போயிற்று என்று கூறப்பட்டது. ஊனத்துடன் பிறந்த குழந்தையின் பெயரால், 'பிறவாதிருத்தல் நன்று' என்னும் அடிப்படையில் எழுந்த கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊனத்தை விளைத்தது நோயேயன்றி மருத்துவர் அல்லர். உண்மை தெரிந்திருப்பின் கருவைக் கலைத்தல் ஒன்றே வழியாக இருந்திருக்கும். இலங்கையிலோ அவ்வழியும் இல்லை. தாயின் உயிரைக் காத்தற்கன்றிக் கருக்கலைத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆகவே, இழந்த தெரிவை இழப்பாகக் காட்டுதல் இங்கு மிக அரிது.

ஆயின், இத்தகைய வழக்குகள் யாவும் வீண் என முடிவுகட்டுதல் பிழையாகும். பரிசோதனைகள் எல்லாம் ஒருதன்மையன அல்ல. சிபிலிசு நோய் தாயின் குருதியில் காலத்தே அறியப்படின், பெனிசிலின் மருந்து தாயையும் சேயையும் காக்கும். தாயிடமிருந்து சேய்க்கு அந்நோய் பரவுதலை இலங்கை ஒழித்துவிட்டதென 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் சான்றளித்தமை இதன் வலிமையைக் காட்டும். பரிசோதனைக்குப் பின் பரிகாரம் உள்ள இடத்தில் வெதிரேகம் எளிதிற் பொருந்தும். பரிகாரம் இல்லாதவிடத்துப் பொருந்தாது. இவ்வேறுபாட்டை முதலிற் கொள்ளாத வழக்குரை தொடக்கத்திலேயே தளர்வது திண்ணம்.

இவற்றுக்கு இடைப்பட்ட நிலையும் ஒன்றுண்டு. கருவின் இருதயக் குறை முன்னரே தெரிந்திருப்பின், திருக்கோணமலைத் துறைமுகப் பகுதித் தாய் ஒருத்தி சிறப்பு வசதியுள்ள கொழும்பு மருத்துவமனையிற் பிள்ளை பெற ஏற்பாடு செய்திருத்தல் கூடும். அங்ஙனம் பிறந்திருப்பின் குழந்தை பிழைத்திருக்குமா என்பதே காரண வினா. அதற்கு விடை பகர்வன நாள், கருவின் வாரக் கணக்கு, கண்ட குறிப்பு ஆகியன. தாயின் கையிலுள்ள கர்ப்பகாலப் பதிவேடு இவற்றுட் சிலவற்றையே கூறும். எஞ்சியவை மருத்துவமனையிடம் உள்ளன.

ஈண்டே சட்டத்தின் குறை புலப்படுகின்றது. காரணத்தை நிறுவும் பொறுப்புத் தாயினது. அதற்கான சான்றோ எதிராளியின் பேழையுள். காகத்தின்மீது பழிசுமத்தலாகாது என்பது நீதியே. ஆயினும் மரத்தை உலுக்கியவர் உளரா என ஆராய்வதற்கு வேண்டிய ஏடுகளைத் தாய்க்கு உரிமையுடன் வழங்குதலும் நீதியின்பாற்பட்டதாகும்.