மாணவர் பாராளுமன்றமும் ஐந்து மதிப்பெண் கேள்வியும்

உலகின் மிகப் பெரிய ஜனநாயகம் இந்தியா. போருக்குள் கிடந்த இலங்கைப் பாடசாலைகள் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி என்னத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கப் போகின்றன என்ற கேள்வி தமிழகத்துப் பேச்சுகளில் எழுவதுண்டு. சர்வசன வாக்குரிமை எங்களுக்கு 1931இலேயே வந்துவிட்டது என்பதை ஒருபுறம் வைப்போம். (அந்தத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததே என்பார்கள். பகிஷ்கரிப்பும் அரசியல்தானே!) பேச்சு பாடசாலையைப் பற்றியது. வாக்குரிமையைப் பற்றிப் படிப்பதைவிட, வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுப் பார்ப்பதே பிள்ளைக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். அதில் எங்கள் பாடசாலைகள் ஒரு படி முன்னேதான் நிற்கின்றன.

எங்கள் பாடசாலைகளில் கூடும் மாணவர் பாராளுமன்றத்துக்கு வேட்புமனு உண்டு, பிரசாரம் உண்டு, வாக்கெண்ணல் உண்டு. பிறகு சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள். கடைசியில் பாடசாலை அதிபர் நினைத்ததுதானே நடக்கும், இது வெறும் நாடகம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். தரம் 8 பிள்ளை ஒருத்தி எழுந்து, மலசலகூடத்துக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்று சுகாதார அமைச்சரான பெரிய வகுப்பு அண்ணாவைக் கேட்கிறாள். அவர் சபை நடுவே ஏதாவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். தண்ணீர் மறுநாளே வந்துவிடாதுதான். ஆனாலும் கேள்வி கேட்பது வாய்க்கொழுப்பு அல்ல என்று அந்தச் சபையே ஒப்புக்கொண்டுவிடுகிறது.

தமிழகத்தில் குடிமையியல் சமூக அறிவியலுக்குள் ஒரு பகுதி. பத்தாம் வகுப்புவரை யாரும் அதிலிருந்து தப்ப முடியாது. எங்களிடமோ குடியியற் கல்வி தரம் 10இலிருந்து விருப்பப் பாடம், விட்டுவிடுகிறவர்களே அதிகம். இது அவர்கள் பக்கத்துக்குப் பலம்தான். ஆனால் அந்தக் கட்டாயம் பிள்ளையிடம் கேட்பது என்ன? ஆளுநரின் அதிகாரங்களை எழுது என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு. வகுப்புத் தலைவரைப் பெரும்பாலும் ஆசிரியரே நியமித்துவிடுகிறார். கேரளத்துப் பள்ளிகள் தேர்தல் நடத்துகின்றன, அது வேறு. 2005 கலைத்திட்டத்துக்குப் பின் வந்த மத்திய அரசுப் பாடநூல்கள் கேலிச்சித்திரம் போட்டு விவாதிக்கத் தூண்டியவை, நல்ல நூல்கள். பத்தாம் வகுப்பு நூலில் ஜனநாயகத்தின் சவால்களைச் சொன்ன பாடத்தைப் பின்னாளில் நீக்கிவிட்டார்கள்.

எங்கள் பிள்ளைகள் மொழிவாரியாகப் பிரிந்து படிக்கிறார்கள், சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பெட்டியில் வாக்குப் போடுவது அரிது என்பதுதான் கனமான குற்றச்சாட்டு. அதற்கு முழுப் பதில் கிடையாது. ஆனால் ஒரே வகுப்பறையில் உட்கார வைத்தால் போதும் என்று தமிழகமும் சொல்ல முடியாது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வெறித் தாக்குதலுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் நிறக் கயிறுகளையே தடைசெய்யச் சொல்ல வேண்டியிருந்தது.

மாகாண சபைத் தேர்தலே நடக்காத நாட்டில் பாடசாலைத் தேர்தலால் என்ன பயன் என்றும் கேட்கலாம். வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்து ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லைதான். அந்தப் பழி அரசாங்கத்தைச் சேர வேண்டியது, பாடசாலையை அல்ல. தமிழகத்திலும் 2016இல் நடக்கவேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 கடைசியில்தான் தொடங்கியது.