வேலியில் ஒன்று, கூண்டில் ஒன்று

நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பச்சோந்தி கிடையாது. தோட்டத்துச் செம்பருத்தி வேலியைக் காட்டிப் பிள்ளைகள் "பச்சோந்தி, பச்சோந்தி" என்று கத்துவது, மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்று சொல்லும் பச்சை ஓணானைப் பார்த்துத்தான். அதன் நீளத்தில் முக்கால் பங்கு வால். மிரண்டால் பச்சை மங்கிக் கரும்பழுப்பாகிவிடும். பெயர் மாறிப்போனதற்கு அது போதாதா? அசல் பச்சோந்தி நம் பாட்டன் பூட்டன் விட்டுவந்த இரண்டு நாடுகளிலும் இருக்கிறது. இந்தியாவில் கங்கைக்குத் தெற்கே வறண்ட புதர்க்காடுகளில், இலங்கையில் உலர் வலயத்தில், இரண்டும் ஒரே இனம். 1768இல் இயற்கையியலாளர் லாரெண்டி அதற்குச் சூட்டிய அறிவியல் பெயரில் இலங்கையின் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்றால், ஏமன் நாட்டுப் பச்சோந்தியை வளர்ப்புப் பிராணியாக விற்கும் வியாபாரம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வகுப்பறையில் ஒன்றை வைத்தால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும், அறிவியல் பாடமும் ஓடும் என்ற ஆசை ஆசிரியர்களுக்கு வருவது இயல்பு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்ன காலத்திலிருந்து, லிங்கி, லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் இரண்டு ஊர்ப் பழக்கமும் கலந்தே வந்தன. பால்மரம் சீவியவர்கள் தமிழ்நாட்டார். ஆபீசில் கணக்கெழுதிய கிராணிகளில் யாழ்ப்பாணத்தார் நிறைய. பச்சோந்தியை வேலியிலேயே பார்த்து வளர்ந்த அந்த இரண்டு ஊர்க்காரர்களும் பிள்ளையையும் பிராணியையும் எப்படிச் சேர்த்துவைக்கிறார்கள் என்று பார்ப்பது இங்கே உதவும்.

தமிழ்நாட்டில் கதை கல்லில் தொடங்குகிறது. ராமர் தாகத்தில் தவித்தபோது தண்ணீருக்குப் பதிலாக மூத்திரத்தைக் கொடுத்ததாம் ஓணான். அந்தப் பழிக்காக இன்றுவரை கல்லடி படுகிறது. ஈர்க்குச்சி நுனியில் சுருக்குப் போட்டுப் பிடிப்பது, வாயில் மூக்குப்பொடியைத் திணித்து அது கிறுகிறுத்துச் சுற்றுவதைப் பார்த்துச் சிரிப்பது எல்லாம் பையன்களின் விடுமுறை விளையாட்டு. தோட்டத்துக்கு வந்தவர்கள் இதையும் மறக்காமல் கொண்டுவந்தார்கள். ஓணானுக்கும் பச்சோந்திக்கும் பையன்கள் பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை. மெல்ல நடப்பதால் பச்சோந்தி இன்னும் சுலபமாக அடிபடும். "வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டானாம்" என்ற பழமொழியும் பிராணியைக் கிட்டே சேர்க்காதே என்றுதான் சொல்லிக்கொடுக்கிறது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பச்சோந்தியைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாயிற்று. அதே ஆண்டு சென்னைக் கிண்டியில் பாம்புப் பண்ணை திறந்தது. நாலாண்டு கழித்து வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. பேருந்து நிறையப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்திய முறையில் பிள்ளைக்கு இரண்டே நிலைகள்: கையில் கல், அல்லது நடுவில் கண்ணாடி.

இலங்கையில் சட்டம் இன்னும் பழையது, 1937இன் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பச்சோந்தியைப் பிடித்து வளர்க்க அங்கும் வழியில்லை. ஆனால் இந்தியச் சட்டம் பிறந்த அதே 1972இல் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் அதன் இயக்குநர் லின் டி அல்விஸ் இளம் விலங்கியலாளர் சங்கத்தைத் தொடங்கினார். பள்ளி மாணவர்கள் வந்து கூடுவார்கள். ஊர்வன, பறவை, பூச்சி என்று ஆளுக்கொரு பிரிவைப் பிடித்துக்கொண்டு, குறிப்பேட்டோடு காட்டுக்கும் போவார்கள். பிராணியை வகுப்புக்குக் கொண்டுவராமல் வகுப்பைப் பிராணியிடம் கொண்டுபோன வழி இது. எனக்கு இதுதான் ஒசத்தியாகத் தெரிகிறது. குறையும் உண்டு. ஹட்டன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை தெஹிவளைக்கு எப்படி அடிக்கடி போய்வரும்? இத்தனைக்கும் உலர் வலயத்துப் பச்சோந்தி இல்லாவிட்டாலும், மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் இனம் ஒன்று அந்த மலைநாட்டில்தான் இருக்கிறது, உலகில் வேறெங்கும் இல்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த ஓணான்களைத் தேடி அலைந்ததால், 2019இல் இலங்கையே முன்மொழிந்து அவற்றைச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

ஆக, பச்சோந்தி உள்ள இரண்டு நாட்டிலும் அது வகுப்பறையில் இல்லை. பச்சோந்தி இல்லாத நாம்தான் காசு கொடுத்து வாங்கி வைக்கப் பார்க்கிறோம்.

வைத்தால் என்ன ஆகும்? பச்சோந்தி கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் தொடாது. இலையில் வழியும் துளியைத்தான் நக்கும். ஆகவே தினமும் இலை நனையத் தெளிக்க வேண்டும், அல்லது சொட்டுக் குழாய் வைக்க வேண்டும். கண்ணாடித் தொட்டி ஆகாது. காற்றோடும் வலைக்கூண்டு, ஏறுவதற்கு உயிருள்ள செடி, மேலே புற ஊதா விளக்கு எல்லாம் வேண்டும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் சில மாதங்களில் அதன் புற ஊதாச் சத்து குறைந்துவிடும், மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் எலும்பு வளைந்து, கிளையைப் பிடிக்கத் திராணியில்லாமல் தொங்கும். தீனிக்கு உயிருள்ள பூச்சி வேண்டும். பறவைக் கடையில் விற்கும் செங்கரிக் என்ற சில்வண்டை வாங்கி, முதலில் அதற்குக் கீரையும் காயும் கொடுத்து, பிறகு சுண்ணாம்புச்சத்துப் பொடியில் புரட்டிப் போட வேண்டும்.

பெண் பச்சோந்தி என்றால் இன்னொரு சங்கடம். ஆண் துணையே இல்லாவிட்டாலும் முட்டை கட்டும். தோண்டிப் புதைக்க ஈர மண் கொடுக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிச் செத்துப்போகும். இதையெல்லாம் தீபாவளி விடுமுறையில் யார் பார்ப்பது, காவல்கார ஜாகாவா?

எல்லாவற்றுக்கும் மேலே, பச்சோந்திக்கு ஆள் தொடுவது பிடிக்காது. இருக்கும் இடத்துக்கு ஏற்றபடி நிறம் மாறுகிறது என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலும் அது வெயிலுக்கும், எதிரிக்கும், இணைக்கும் காட்டும் முகம். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார், தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் இந்த நிறமாற்றம் நிகழ்வதைக் காட்டினார்கள். முப்பது பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தால் அது கறுத்துப்போகும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், அதற்கு உயிர் போகிற பயம்.

ஊர்வன மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். இதைப் பெற்றோரிடம் சொல்லிப் பாருங்கள். 1998, 99இல் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா பக்கம் பன்றிப் பண்ணைகளில் பரவிய நீப்பா வைரஸ் இந்நாட்டில் நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்த வைரஸுக்கே நம் மாநிலத்துக் கிராமத்தின் பெயர்தான். போர்ட்டிக்சன் வட்டாரத் தாய்மாருக்குப் பிராணி என்றதும் வரும் பதற்றத்தை அறியாமை என்று தள்ள முடியாது. போதாக்குறைக்கு, சர்வதேசப் பட்டியலில் உள்ள பிராணி என்பதால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கூண்டில்லாமல் பிராணி வைத்துக்கொள்ளத் தோட்டத்துக்குத் தெரியாததில்லை. எலித் தொல்லைக்குச் செம்பனை நடுவே கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைக்கிறார்கள். ஆந்தை தானாக வருகிறது, தானாக வேட்டையாடுகிறது, யாரும் தீனி போடுவதில்லை. பள்ளி வேலியையும் அப்படி விட்டுப் பார்க்கலாம். பச்சை ஓணான் எத்தனை மணிக்கு வெயிலுக்கு ஏறுகிறது, எதைப் பிடிக்கிறது, எப்போது நிறம் மங்குகிறது என்று நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவைக்கலாம். சாதாரண ஓணானும் அங்கே வருகிறதா என்று சேர்த்துப் பார்க்கட்டும். சிங்கப்பூரில் 1980களில் அது காலூன்றியபின் பச்சை ஓணான் பல இடங்களில் பின்வாங்கிவிட்டது. நோட்டுப் புத்தகம் தவிரச் செலவில்லை. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் மட்டும் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டும்: மருந்தடிக்கும் ஆட்கள் வரும்போது பள்ளிப் பக்கத்துச் செம்பருத்தியை விட்டுவிடச் சொல்லி.