தொடரமைப்பும் பொருளும் – ஒரு மறுபார்வை

நம் சங்க மலர்களில் தமிழின் பெருமை பேசும் கட்டுரைகளில் ஒரு வாசகம் தவறாமல் வரும். "தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது" என்பதே அது. நானும் அதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான். அந்தக் கூற்று பாதி உண்மை என்பதும், மறுபாதியை நாம் மறந்ததால் எளியவர்கள் நஷ்டப்படுகிறார்கள் என்பதும் இன்று என் கருத்து. அதைச் சொல்லவே இக்கட்டுரை. நான் பட்டம் பெற்ற புலவன் அல்லன். மலைச்சரக்கு வியாபாரி. கடையை அடைத்த பிறகு இலக்கணம் படித்தவன். பிழையிருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

முடிந்தும் முடியாத வாக்கியம்

வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்த நான், 1981இல் பிழைப்பைத் தேடிப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். முதல் வாரத்தில் ஒரு மலையாளி வியாபாரி, "சாக்கு இறக்கி, பணம் கொடுத்து" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்து, அப்புறம்? அவரும் என்னையே பார்த்தார். அவருக்கு வாக்கியம் முடிந்துவிட்டது, எனக்கோ முடியவில்லை. தமிழ்க் காதுக்குக் 'கொடுத்து' என்பது வினையெச்சம். வினைமுற்று எங்கே என்று மனம் காத்துக் கிடக்கும். மலையாளத்தில் அதுவே வினைமுற்று. இறுதி உகரத்தை இதழ் குவித்து நிறைவாகச் சொன்னால் முற்று, அரை உகரமாகக் குறைத்துச் சொன்னால் எச்சம். நம் குற்றியலுகரம் போன்ற அந்த நுண்ணிய வேறுபாடு என் காதில் விழப் பல மாதம் ஆயிற்று.

முற்று என்று தெரிந்த பிறகும் ஒரு சங்கடம் பாக்கி. கொடுத்தது யார்? தமிழில் கொடுத்தேன், கொடுத்தாய், கொடுத்தான், கொடுத்தார்கள் என்று விகுதியே ஆளைக் காட்டிவிடும். மலையாளத்தில் ஞான் கொடுத்து, நீ கொடுத்து, அவன் கொடுத்து. எல்லாவற்றுக்கும் ஒரே வினைதான். ஏ. ஆர். ராஜராஜ வர்மா தம் 'கேரள பாணினீயம்' என்னும் நூலில் (முதற்பதிப்பு 1896, திருத்திய பதிப்பு 1917) தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்டதற்குக் கூறும் ஆறு நயங்களில் ஒன்று 'புருஷபேத நிராசம்', அதாவது தன்மை, முன்னிலை, படர்க்கை காட்டும் விகுதிகளைக் கைவிட்டமை.

இதை மலையாளத்தின் குறை என்று நான் சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கானோர் குழப்பமின்றிப் பேசும் மொழி அது. விகுதி சுமந்த சுமையை அங்கே எழுவாயும் இடமும் சந்தர்ப்பமும் சுமக்கின்றன. மூட்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியதே தவிர எடை குறையவில்லை. தமிழிலும் விகுதி இல்லாத இடத்தில் இதே கதைதான். "பணம் கொடுத்த ஆள் வந்திருக்கிறார்" என்று கடைப்பையன் சொன்னால், நமக்குப் பணம் கொடுத்தவரா, நாம் பணம் கொடுத்தவரா? ஒருவர் கடன்காரர், இன்னொருவர் நமக்குக் கடன்பட்டவர். பெயரெச்சம் ஆளைக் காட்டாததால், கணக்குப் புத்தகத்தின் இரு பக்கத்துக்கும் ஒரே தொடர் பொருந்திப் போகிறது.

வரிசை மாறினால் என்ன மாறும்?

"கந்தன் வேலனை அடித்தான்" என்ற மூன்று சொற்களை ஆறு விதமாக அடுக்கலாம். ஆறிலும் அடித்தவன் கந்தன், அடிபட்டவன் வேலன். 'ஐ' உருபு அதைக் காக்கிறது. ஆங்கிலத்தில் இரு பெயரையும் இடம் மாற்றினால் அடித்தவன் அடிபட்டவன் ஆகிவிடுவான். நம் பெருமைப் பேச்சுக்கு அடிப்படை இதுதான். இதுவரை சரி.

ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி ஊர் சுற்ற முடியாது. "என் மூத்த மகன் வந்தான்" என்பதை "மூத்த வந்தான் என் மகன்" என்று யாரும் பேசமாட்டோம். மலையாளத் தொடரமைப்பை ஆராய்ந்த கே. பி. மோகனன் 1982இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக்கியது. வாக்கியத்தின் பேருறுப்புகள் இடம் மாறலாம். ஓர் உறுப்புக்குள் கட்டுண்ட சொற்கள் அதை விட்டு வெளியேறா. மூட்டைகளை மாற்றி அடுக்கலாம், ஒரு மூட்டைச் சரக்கை அவிழ்த்து இன்னொன்றில் கொட்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பேருறுப்புகள் மாறும்போதாவது பொருள் அப்படியே இருக்கிறதா? எல்லைப்புறக் கடையில் தினமும் பொருந்தும் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"இந்தக் கடையில் எல்லாருக்கும் இரண்டு பாஷை தெரியும்."
"இந்தக் கடையில் இரண்டு பாஷை எல்லாருக்கும் தெரியும்."

சொற்களும் உருபுகளும் ஒன்றே. முதலாவதைக் கேட்டால், ஆளுக்கு ஏதோ இரண்டு என்று கொள்ளலாம். ஒருவனுக்குத் தமிழும் மலையாளமும், இன்னொருவனுக்குத் தெலுங்கும் கன்னடமும். இரண்டாவதைக் கேட்டால், குறிப்பிட்ட இரண்டு பாஷை அனைவருக்கும் பொது என்றே மனம் போகும். முதலாவதை நம்பி வந்தவருக்கு, தம் பாஷை தெரிந்த ஆள் அங்கே ஒருவர்கூட இல்லாமல் போகலாம். 'யார் யாரை' என்ற செய்தியை உருபு காக்கிறது. 'எத்தனை, எது, எதைப் பற்றி' என்ற செய்தியை வரிசையும் சேர்ந்தே சுமக்கிறது. மேடையில் நாம் விட்டுவிடும் மறுபாதி இதுதான்.

மேலைநாட்டார் வாதம்

இதே போன்ற எண்ணிக்கைச் சிக்கலை நோம் சாம்ஸ்கி 1957இல் வந்த தம் சிறு நூலில் கவனித்தார். செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றும்போது 'எல்லாரும்', 'இரண்டு' போன்ற சொற்கள் இருந்தால் பொருள் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். பொருளற்ற வாக்கியமும் இலக்கண வழுவின்றி அமையலாம் என்று காட்டி, இலக்கண அமைப்பைப் பொருளிலிருந்து பிரித்தே ஆராயலாம் என்றும் வாதித்தார். 1964இல் காட்ஸ், போஸ்டல் இருவரும், அமைப்பு மாற்றங்கள் பொருளை மாற்றா என்ற கொள்கையை வைத்தார்கள். 1965இல் சாம்ஸ்கியும் பொருளை நிர்ணயிப்பது வாக்கியத்தின் புதைநிலை அமைப்பே என்று எழுதினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே லேக்காஃப், மெக்காலி, ராஸ் முதலியோர் ஒரு பக்கமும் சாம்ஸ்கி, ஜாக்கெண்டாஃப் முதலியோர் மறுபக்கமுமாகப் பெரிய சண்டை மூண்டது. முன்னவர் அடித்தளத்திலே இருப்பது பொருளே என்றார்கள். பின்னவர் மேற்பரப்பு வரிசையும் பொருளுக்குத் துணைசெய்கிறது என்றார்கள்.

சாம்ஸ்கியிடம் நான் மதிப்பது அவருடைய துணிவு. தமக்கு இடைஞ்சலான உதாரணத்தை மறைக்காமல் முன்வைத்தார், தம் கொள்கையைத் தாமே மாற்றவும் செய்தார். ஒத்துக்கொள்ள முடியாதது, பேசுபவனும் கேட்பவனும் இல்லாத தனி வாக்கியத்தை மேசையில் கிடத்தி அறுத்துப் பார்க்கும் போக்கு. கேட்பவன் என்ன புரிந்துகொண்டு எழுந்து போகிறான் என்பது அந்த மேசையில் தெரியாது. தொல்காப்பியர் இந்த இடத்தில் வேறு வழியில் போனார். திணை, பால் வழுக்களோடு வினா வழு, செப்பு வழுவையும் கிளவியாக்கத்திலேயே ஆராய்ந்தார். கேள்விக்குப் பொருந்தாத விடையும் அவருக்கு இலக்கணப் பிரச்சினைதான்.

எங்கள் சமணத் தருக்க நூல்கள் தரும் ஒரு குறிப்பும் இங்கே பயன்படும். ஒரு பொருள் ஒரு நோக்கில் 'உண்டு', இன்னொரு நோக்கில் 'இல்லை'. இரண்டையும் முறையே சொன்னால் அது ஒரு கூற்று. இரண்டையும் ஒரே கணத்தில் சொல்லப் புகுந்தால் அது 'அவக்தவ்யம்', அதாவது சொல்லொணாதது. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். ஆகவே முறை என்பது வெறும் அலங்காரம் அல்ல, சொல்லப்படும் பொருளிலேயே அதற்குப் பங்கு உண்டு.

முற்றும்மை தரும் எச்சரிக்கை

நம் இலக்கணத்தார் இதை அறியாதவர்களா? தொல்காப்பியர் எச்சவியலில் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என்று நான்கு சொன்னார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பொருள்கோளை எட்டாக விரித்தார். 'பொருள்கோள்' என்ற பெயரே அழகு. பொருள் தானாக வந்து விழுவதில்லை, படிப்பவன் முயன்று கொள்ள வேண்டும். ஆனால் அவை செய்யுளுக்கு ஏற்பட்ட வகைகள். கடிதத்துக்கும் அறிவிப்புக்கும் அவற்றை நாம் வளர்த்தெடுக்கவில்லை.

உரைநடைக்கும் நேரே உதவும் விதி ஒன்று இடையியலில் இருக்கிறது. உம்மைக்கு எண்வகைப் பொருள் கூறியவர்கள், முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்று தனியே ஓதினார்கள். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்களைப் பார்த்தால் வினை எதிர்மறையாக இருப்பது தெரியும். "எல்லாரும் வரவில்லை" என்று வைத்துக்கொள்வோம். ஒருவருமே வரவில்லை என்றும் ஆகலாம், சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை என்றும் ஆகலாம். மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் மல்லுக்கட்டிய சிக்கலின் ஒரு முகத்தை நம்மவர்கள் ஓர் உம்மையில் கண்டுவிட்டார்கள். எல்லாம் முன்பே சொல்லியாயிற்று என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. சொன்னதை நாம் பயன்படுத்தவில்லையே என்ற வருத்தத்தில்தான் சொல்கிறேன்.

ஒரு பாட்டியின் காகிதம்

பத்து வருஷத்துக்குப் பின் நான் வியாபாரத்தை இடுக்கி மாவட்டம் குமுளிக்கு மாற்றினேன். பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பாட்டி என் வாடிக்கை. உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தார். ஒருநாள் மடித்த காகிதத்தோடு வந்து, "எல்லாத்தையும் தள்ளிட்டாங்க மொதலாளி" என்றார். வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தமிழில், "எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை" என்று இருந்தது. பின் பக்கத்தில் மலையாளத்தில் ஏற்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல், மூலப் பத்திரங்களைக் காட்டக் கடைசித் தேதி. பட்டியலில் பாட்டியின் பெயர் இருந்தது. தேதி கடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

மொழிபெயர்த்தவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. மலையாளத்திலும் அந்தத் தொடர் இருபொருள் படுவதுதான். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருக்கிறார். எழுத்துப் பிழையோ சந்திப் பிழையோ இல்லை. எழுதியவர் மனத்தில் எச்சம், படித்தவர் மனத்தில் முற்று, அவ்வளவுதான். பின் பக்கத்தைப் படிக்க முடிந்தவருக்கு ஐயம் தீர்ந்திருக்கும். "நான் தமிழ்லதானே படிச்சேன், அதுல என்ன தப்பு மொதலாளி?" என்று பாட்டி கேட்டார். எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது, பதில் வரவில்லை.

முடிவுரை

1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தந்தது. தமிழில் காகிதம் வர வேண்டும் என்று கேட்டோம், ஓரளவு வருகிறது. வரும் தமிழ் எப்படி அமைய வேண்டும் என்று கேட்க மறந்தோம். 'எல்லா' என்ற சொல்லும் எதிர்மறை வினையும் ஒரே தொடரில் வந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்றுகூட இல்லை என்றால் "எதுவும் ஏற்கப்படவில்லை" என்றும், சில உண்டு என்றால் "சில மட்டும் ஏற்கப்பட்டன" என்றும் எழுத வேண்டும். பெயரெச்சம் வந்தால் யார், யாருக்கு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் அறிவிப்பு எதுவாயினும் சுவரில் ஒட்டும் முன்னர், மலையாளம் அறியாத ஒருவருக்கு அதை உரக்கப் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். எழுதியவரும் கேட்டவரும் ஒரே பொருளைச் சொன்னால் ஒட்டலாம். சொற்களை எப்படிப் போட்டாலும் பொருள் மாறாது என்று இனி நான் மேடையில் பேசப்போவதில்லை.