நெய்தலும் எண்ணெய்க் கிணறும்

கடற்கரையைப் பற்றி எழுதப் புகுவோர் பலர், வெண்மணலையும் மாலைக் கதிரவனையும் தென்னையையும் வருணித்து அமைவர். அங்குத் தொழில் புரியும் மக்களும் அவர்தம் கருவிகளும் அவ்வருணனையில் இடம் பெறுவதில்லை. இடம் பெற்றால் எழில் கெடும் என்பது அவர்தம் கருத்துப் போலும். இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆராய்தற்கு லூமுட் தக்கதோர் இடம்.

பங்கோர்த் தீவிற்குப் படகேறுவோர் கூடும் துறை அது. அவ்வட்டாரத்திலேயே கடற்படைத் தளமும், எண்ணெய் எடுக்கும் கடல்மேடைகளைக் கட்டும் தொழிற்களமும், நிலக்கரி மின்நிலையமும் உள்ளன. 2014இல் தெலுக் ரூபியாவில் இரும்புத்தாதுத் துறைமுகமும் திறக்கப்பட்டது. மலேசிய எண்ணெய் வயல்கள் பெரும்பாலும் திரங்கானு, சபா, சரவாக் கடல்களிலேயே உள்ளன. ஆயினும் புகைபோக்கியையும் இரும்புச் சட்டங்களையும் கண்ட அளவில், "கடல் கெட்டது" என்று முடிவு கட்டும் பயணிகள் எங்கும் உளர்.

பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார் அவ்வாறு கருதினாரல்லர். காவிரிப்பூம்பட்டினத்தில் பொதிகள் மலிந்து கிடப்பதையும், புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொள்வதையும் பாடிய அதே பாட்டில், மக்கள் கடலாடுவதையும், நண்டை விரட்டி விளையாடுவதையும் பாடினார். தொழிலும் இன்பமும் அவர்க்குப் பகையல்ல.

"பொதி வேறு, கச்சா எண்ணெய் வேறன்றோ?" என வினவலாம். வினா நேரியதே. 2010 ஏப்ரல் 20இல் மெக்சிகோ வளைகுடாவில் கிணறு வெடித்துப் பதினொருவர் மாண்டனர். 87 நாள் எண்ணெய் பெருகியது. அக்கேட்டை எவரும் மறுக்க இயலாது. ஆனால், எண்ணெய் தீண்டாத கரைகளுக்குச் செல்வதையும் பயணிகள் பலர் அன்று கைவிட்டனர். மாறாகச் சரவாக்கின் மீரியில், 1910இல் தோண்டப்பெற்று 1972வரை எண்ணெய் தந்த முதற்கிணற்றை இன்று மக்கள் விரும்பிச் சென்று காண்கின்றனர். தூய கரையை அஞ்சி விலகுவதும் எண்ணெய்க் கிணற்றையே தேடிச் செல்வதும் ஒரே கண்தான். எனவே, கண்ணுக்கு ஒவ்வாமை வேறு. கடலுக்குக் கேடு வேறு. முன்னதைப் பின்னதாகக் கொள்வோர், புகைபோக்கி இல்லாத இடத்தில் கலக்கும் கழிவைக் காணத் தவறுவர். ஏதமின்றி இயங்கும் ஆலையைப் பழிப்பதினும் பெரும்பிழை அது.

திணை இலக்கணமும் இதற்கே துணை நிற்கிறது. நெய்தலின் கருப்பொருள்களுள் தொழிலும் ஒன்று. மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் இன்றி நெய்தல் இல்லை. பங்கோரில் நெத்திலி உலர்த்துவோரையும், லூமுட்டில் இரும்பு ஒட்டுவோரையும் நீக்கிவிட்டு எழுதுவது கடற்கரை வருணனை ஆகாது, விளம்பரம் ஆகும்.

'கடற்கரையில் ஒரு மாலை' என்று மாணவர்க்குக் கட்டுரை தரும் ஆசிரியர்கள் இதனை எண்ணுதல் நன்று. கதிரவனோடு புகைபோக்கியையும் எழுதட்டும்; நீரின் நிறத்தையும் எழுதட்டும். கண்டதை மறையாது எழுதப் பழகியவரே, கடல் உண்மையாகக் கெடும் நாளில் அதனை முதலில் அறிவர்.