வெளியேற்றும் வாசிப்பு

'கனடா ரீட்ஸ்' – 2002 முதல் கனடிய அரசு வானொலி நடத்திவரும் விவாதம். ஐந்து நூல்கள், ஐந்து வழக்காடிகள். தினம் ஒரு நூல் வாக்கெடுப்பில் வெளியேறும். மிஞ்சுவதைத் தேசமே வாசிக்கணுமாம்.

2018இல் ஷாரன் பாலாவின் 'த போட் பீப்பிள்' தோற்றது. 2010இல் 492 ஈழத்தமிழர் வந்திறங்கிச் சிறைவைக்கப்பட்ட 'சன் சீ' கப்பல் சம்பவம் அந்நாவலின் பின்னணி. வென்றது மார்க் சகமோட்டோவின் 'ஃபர்கிவ்னஸ்'. உலகப்போரின்போது ஜப்பானியக் கனடியர் பெயர்த்தெறியப்பட்டதையும் சொல்லும் நினைவுநூல். நல்ல நூல்தான். ஆனால் அந்தக் குற்றத்துக்கு அரசு 1988லேயே மன்னிப்புக் கேட்டாச்சு.

பாலாவின் நாவலில் அகதிகளை விசாரிப்பவளே முகாமுக்கு அனுப்பப்பட்ட ஜப்பானியக் குடும்பத்தின் வாரிசு. இரண்டு வரலாறுகளையும் நாவல் அவளிடத்தில் முடிச்சுப் போடுகிறது. போட்டி அவற்றை எதிரெதிரே நிறுத்துகிறது. யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பியனுப்புவது என்கிற அகதி விசாரணையின் தர்க்கமே வாசிப்பின் தர்க்கமாகிவிட்டால், அப்புறம் இலக்கியம் எதுக்கு?