தயக்கத்தின் இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்த வாத்தியாருக்குத் தயங்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. அவரைப் பொறுத்தவரை வினைக்குக் காலம் மூன்று. கேள்விக்குப் பதில் இரண்டு: 'எஸ்', 'நோ'. நடுவே 'வெல்...' என்று இழுத்தால் பிரம்பு மேஜையில் விழும். அவர் தயவால், பத்து வருஷம் படித்த பிறகும், எனக்கு இங்கிலீஷில் நிச்சயமாகச் சொல்லத்தான் தெரிந்தது, சந்தேகப்படத் தெரியவில்லை.

இதன் பலனை விரைவிலேயே அனுபவித்தேன். இளம் வயதில் இங்கிலீஷிலே ஒரு கதை எழுதி, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியரிடம் காட்டினேன். 'க்வைட் குட்' என்றார். மிகச் சிறப்பு என்று அதற்கு அர்த்தம் செய்துகொண்டு நண்பர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தேன். அந்த ஊர்க்காரர் வாயில் அது பல சமயம் 'பரவாயில்லை' என்பதற்கு மேல் போகாது என்று தெரியவர வெகு நாளாயிற்று.

இம்மாதிரிச் சொற்களுக்கு அகராதி பொருளைச் சொல்லிவிடும்; எடையைச் சொல்லாது. 'ஐ டேர் ஸே' என்பதில் தைரியம் எதுவும் இல்லை. 'இருக்கும், இருக்கும்' என்று நாம் பாதிக் காதோடு சொல்வதுதான் அது. 'ஐ ஸப்போஸ் ஸோ' என்பது சம்மதந்தான், ஆனால் மனசில்லாத சம்மதம். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று ஆரம்பிக்கிறவர் பயப்படவில்லை; மறுக்கப் போகிறார். 'ஸார்ட் ஆஃப்' என்பதற்கு நம் 'ஒரு மாதிரி' அப்படியே பொருந்தும்.

இவற்றை நான் கற்றுக்கொண்டது நாவல்களில். வெறும் மரியாதைப் பேச்சு என்று முதலில் நினைத்தேன். அப்படியல்ல என்று எனக்குக் காட்டியது ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'எ பாஸேஜ் டு இண்டியா'. 1924-ல் வெளிவந்த நாவல். 1984-ல் சினிமாவாகவும் வந்தது. அதிலே ஆங்கிலேயர் கிளப்பில் தயங்குகிறவர்கள் அபூர்வம். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். போலீஸ் அதிகாரி மெக்பிரைடு ஒரு சித்தாந்தமே வைத்திருக்கிறார்: 30 டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே வாழ்கிறவர்களுக்குக் குற்றம் செய்யும் சுபாவம் இயற்கையாம். அப்படிச் சொல்கிறவர் பிறந்தது கராச்சியில் என்பதை ஃபார்ஸ்டர் சிரிக்காமல் குறிப்பிடுகிறார். கராச்சி எந்த ரேகையில் இருக்கிறது என்பதை வாசகர் பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டர் அஸீஸ் மராபார் குகையில் தன்னை மானபங்கம் செய்ய முயன்றதாக அடெலா க்வெஸ்டட் என்ற பெண் புகார் கொடுத்திருக்கிறாள். அவர் குற்றவாளி என்று கிளப்பு முழுவதும் தீர்மானித்தாயிற்று. கோர்ட்டிலே மெக்பிரைடு கேள்வி கேட்கிறார். அவளும் ஒழுங்காகப் பதில் சொல்லி வருகிறாள். அஸீஸ் பின்தொடர்ந்து குகைக்குள் வந்தாரா என்ற இடத்தில் நின்றுவிடுகிறாள். யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறாள். நிச்சயமாகத் தெரியவில்லை என்கிறாள். பிறகு, தான் தவறு செய்துவிட்டதாகவும் அவர் வரவே இல்லையென்றும் சொல்லிப் புகாரைத் திரும்பப் பெறுகிறாள். அஸீஸ் விடுதலையாகிறார். அடெலா தன் இனத்தாரை இழக்கிறாள். நிச்சயமான கல்யாணமும் நின்றுபோகிறது.

நாவலில் இதைவிட அழகான இடங்கள் உண்டு. இதைவிடத் தைரியமான இடம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதனுடைய மானத்தைக் காப்பாற்றியது வக்கீலின் வாதமல்ல, ஒரு பெண்ணின் தயக்கம். என் வாத்தியாரிடம் அவள் படித்திருந்தால் 'எஸ்' என்று சொல்லி உட்கார்ந்திருப்பாள்.

இந்த நாவலில் இவ்வளவையும் தாங்கி நிற்பது ஒரு தயக்கந்தான். இங்கிலீஷ் நாவல்களைத் தமிழாக்குகிறவர்களில் பலர் முதலில் உதறுவது இந்தத் தயக்கத்தைத்தான். 'அவர் ஒரு மாதிரி வருத்தமாக இருந்தார் போலிருக்கிறது' என்று வர வேண்டிய இடத்தில் 'அவர் வருந்தினார்' என்று முடித்துவிடுகிறார்கள். கதை வந்துவிடுகிறது, மனிதன் வருவதில்லை. தமிழில் சொல் இல்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. 'என்னமோ', 'இருக்கலாம்', 'போலிருக்கிறது', 'வந்து...', 'பார்க்கலாம்' என்று நம் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரத்தில் கேட்கிற தயக்கங்களை எண்ணி மாளாது. பெண் பார்க்க வந்தவர்கள் 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று சொன்னால் அதன் எடை நமக்குத் தெரியாதா?

ஆனாலும் பேனாவை எடுத்தவுடன் நம் பாத்திரங்கள் மேடையேறிவிடுகிறார்கள். காதலிக்கிறவன் பிரகடனம் செய்கிறான். தகப்பனார் தீர்ப்பு வழங்குகிறார். நானும் விலக்கல்ல. என் முதல் நாவலைப் புரட்டிப் பார்த்தேன். முந்நூறு பக்கத்தில் ஒருவருக்குக்கூட ஒரு தடவையாவது சந்தேகம் வரவில்லை. எழுதும்போது எனக்கும் வரவில்லை என்பதுதான் காரணம்.

பேராசிரியரிடம் காட்டிய கதை இன்னும் பெட்டியில் கிடக்கிறது. போன மாதம் எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது சரிதான் போலிருக்கிறது.